பன்னிரண்டு பேர், எட்டுப் பந்தயம், சொந்தமாக ஒரு மலை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்ப லேசாகச் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது. பதிவு: நவம்பர் 2024.)

போன எபிசோடில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளைப் பற்றிப் பேசினோம். ஃபுட்பால், பாஸ்கெட்பால் என்று போய்க்கொண்டிருந்தபோது, நடுவில் ஒரு வரியைச் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டேன்: "சில கல்லூரிகளுக்குச் சொந்தமா பனிச்சறுக்கு மலையே இருக்கு." அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நேயர் எழுதியிருந்தார்: "காலேஜுக்கு எதுக்குங்க மலை? கிரவுண்டு போதாதா?"

நல்ல கேள்வி. இன்றைய எபிசோடு முழுக்க அதற்கான பதில்தான்.

ஒரே ஒரு அணியை எடுத்துக்கொள்வோம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்ற சின்ன ஊரில் இருக்கும் டார்ட்மவுத் கல்லூரியின் ஸ்கீ அணி. ஏன் இந்த அணி என்றால், வரும் மார்ச் 2025-இல் தேசியக் கல்லூரி ஸ்கீ சாம்பியன்ஷிப் இவர்கள் வீட்டு வாசலில் நடக்கப்போகிறது. இவர்கள் கடைசியாக அதை வென்றது 2007-இல். பதினெட்டு வருஷம் ஆகப்போகிறது.

சீசன் தொடங்கும் முன் எல்லா அணிகளைப் பற்றியும் முன்னோட்டம் வரும். எங்கே பயிற்சி, யார் யார் அணியில், எப்படிப் போகும். இப்படி ஒன்றை முதல்முறை படித்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பனி இருக்கு, ஆள் இருக்கு, அப்புறம் என்ன என்று நினைத்தேன். உள்ளே போனால்தான் தெரிந்தது: பனி இருக்கு என்பதே நிச்சயமில்லை. ஆள் இருக்கு என்பதும் அவ்வளவு சுலபமில்லை.

முதலில் கணக்கு

கல்லூரி ஸ்கீயில் இரண்டு பிரிவு. ஒன்று ஆல்பைன், அதாவது மலையிலிருந்து கீழே இறங்குவது. இதில் இரண்டு பந்தயம். கம்பங்களை நெருக்கமாக நட்டு வளைந்து வளைந்து போவது ஸ்லாலம். கம்பங்களைத் தள்ளித் தள்ளி நட்டு வேகமாகப் போவது ஜயண்ட் ஸ்லாலம்.

இன்னொன்று நோர்டிக். காட்டுத் தடத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஏறி இறங்கி ஓடும் ஓட்டம். இதிலும் இரண்டு பாணி. இரண்டு ஸ்கீயையும் நேர்க்கோட்டில் வைத்துத் தள்ளிப் போவது கிளாசிக். ஸ்கேட்டிங் மாதிரி பக்கவாட்டில் உதைத்துப் போவது ஃப்ரீஸ்டைல்.

முன்பெல்லாம் ஸ்கீ ஜம்பிங்கும் இருந்தது. 1980-க்குப் பிறகு அதை எடுத்துவிட்டார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்க. இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் இரண்டு பந்தயம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. ஆக மொத்தம் எட்டுப் பந்தயம். சாம்பியன்ஷிப்புக்கு ஒரு கல்லூரி அதிகபட்சம் பன்னிரண்டு பேரைத்தான் கூட்டிப்போகலாம்: ஆல்பைனில் மூன்று ஆண்கள், மூன்று பெண்கள், நோர்டிக்கிலும் அதேபோல். ஒவ்வொருவருக்கும் இரண்டு பந்தயம். பன்னிரண்டை இரண்டால் பெருக்கினால் இருபத்து நான்கு முடிவுகள். அவ்வளவையும் கூட்டினால் வருவதுதான் அணியின் புள்ளி.

ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 1983 முதல் ஆண்கள் புள்ளி, பெண்கள் புள்ளி என்று தனித்தனிக் கோப்பை கிடையாது. எல்லாம் ஒரே கோப்பைக்குத்தான். பெண்கள் அணி பலவீனமாக இருந்தால் ஆண்கள் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கோப்பை வராது. மற்றப் பக்கமும் அப்படியே.

இதில் பயம் எங்கே இருக்கிறது தெரியுமா? ஸ்லாலத்தில் ஸ்கீயின் முனை ஒரு கம்பத்துக்குத் தப்பான பக்கம் போய்விட்டால், அந்தப் பந்தயத்தில் அவருக்குப் பூஜ்யம். இரண்டு சுற்றுகளின் நேரத்தைக் கூட்டுவார்கள் என்பதால், முதல் சுற்றில் முதலிடம் வந்திருந்தாலும் இரண்டாவதில் விழுந்தால் ஒன்றுமில்லை. மாற்று ஆள் கிடையாது. இருபத்து நான்கில் ஒன்று போச்சு.

அதனால் ஒரு ஸ்கீ அணியைப் பார்க்கும்போது "இவங்க ஸ்டார் யாரு?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இவங்க பன்னிரண்டாவது ஆள் யாரு?" என்றும் கேட்கணும்.

மலை

சரி, நேயர் கேட்ட மலைக்கு வருவோம்.

டார்ட்மவுத் ஸ்கீவே. கல்லூரியிலிருந்து காரில் இருபது நிமிஷம்போல, லைம் என்ற ஊரில் இருக்கிறது. கல்லூரியே நடத்துகிறது, 1956-57 குளிர்காலத்தில் திறந்தார்கள். எதிரெதிரே இரண்டு சரிவுகள்: ஹோல்ட்ஸ் லெட்ஜ், வின்ஸ்லோ. ஊர்மக்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு சறுக்கலாம்.

பெரிய மலையா? இல்லவே இல்லை. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 968 அடி, அதாவது சுமார் 295 மீட்டர். ஆனால் சர்வதேச விதிப்படி ஜயண்ட் ஸ்லாலம் நடத்த குறைந்தது 250 மீட்டர் இறக்கம் வேண்டும். அதற்கு இது போதும். இன்னும் ஐம்பது மீட்டர் குட்டையாக இருந்திருந்தால், பயிற்சி மலையாக மட்டும்தான் இருந்திருக்கும்.

சொந்த மலையால் என்ன லாபம்? நேரம். பொது ரிசார்ட்டில் பயிற்சி என்றால், கூட்டம் வருவதற்கு முன் ஒரு தடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கிடைத்த நேரத்தில் கம்பங்களை நட்டு, முடித்து, பிடுங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். சொந்த மலை என்றால் வகுப்பு முடிந்ததும் வண்டி ஏறி, நட்டு வைத்த தடத்தில் இறங்கலாம். படிப்பையும் பந்தயத்தையும் ஒன்றாக இழுக்கும் ஒரு மாணவருக்கு இது பெரிய விஷயம்.

நோர்டிக் பக்கம் இவர்களுக்கு ஓக் ஹில் இருக்கிறது. அது ஹானோவரிலேயே. 1935-இல் அமெரிக்காவின் முதல் மேல்நிலைக் கம்பி லிஃப்டை அங்கேதான் போட்டார்கள். லிஃப்ட் காலம் முடிந்து இப்போது அது ஓட்டத்தடம். மார்ச் பந்தயங்களில் நோர்டிக் ஓக் ஹில்லில், ஆல்பைன் ஸ்கீவேயில். ஓக் ஹில்லில் இப்போது செயற்கைப் பனி வசதியும் செய்திருக்கிறார்கள். அது ஆடம்பரம் இல்லை. ஏன் என்று சொல்றேன்.

பனியை "சமைப்பது"

நியூ இங்கிலாந்துப் பகுதியில் பனியை நம்பிக் காலண்டர் போட முடியாது. ஜனவரியில் மழை பெய்யும். ஒரே ராத்திரியில் தடம் கரைந்து, மறுநாள் உறைந்து, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மேற்கே ராக்கி மலைகளில் உயரம் அதிகம். பனி சீக்கிரம் வரும், நிற்கும். ஹானோவர் அப்படி இல்லை, தாழ்வான ஊர்.

அதனால் பனியைத் தயாரிக்கிறார்கள். குழாயில் தண்ணீரை அழுத்தத்தோடு கொண்டுவந்து, காற்றோடு கலந்து, பொடிப்பொடித் துளியாக வானத்தில் தூவுவார்கள். துளி கீழே விழுவதற்குள் உறைய வேண்டும். "பூஜ்யம் டிகிரி வந்தா போதுமா?" என்றால், போதாது, காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். நம்ம மண்பானையை நினைச்சுக்கோங்க. பானையின் மேல் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று உலர்ந்திருந்தால் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராது. இங்கேயும் அதே கதைதான். உலர்ந்த காற்றில் ஒவ்வொரு துளியும் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். ஈரமான காற்று என்றால் தெர்மாமீட்டரில் பூஜ்யம் காட்டினாலும் பனி வராது, சேறுதான் வரும். அதனால்தான் இந்த வேலை செய்கிறவர்கள் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சரியான காற்று வந்தால் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வேலை.

பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டில் கிராஃப்ட்ஸ்பரி என்ற நோர்டிக் மையம் இன்னொரு வழியைப் பிடித்தது. செய்த பனியைக் குவித்து, மரச்சில்லுகளால் மூடி, கோடைகாலம் முழுக்க வைத்திருந்து, அடுத்த சீசன் தொடக்கத்தில் எடுத்து விரிப்பது. 2018-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கேட்கும்போது புதுசாகத் தெரியும், ஆனால் நமக்கு இது பழைய சங்கதி. சென்னை மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், 1842-இல் கட்டியது எதற்கு? இதே நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கி வைக்கத்தான். அதே ஊர்க்காரர்கள் இன்று அதே உத்தியைத் தங்கள் பனியைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளப் பயன்படுத்துகிறார்கள். காலம் எப்படி மாறியிருக்கு பாருங்க.

மார்ச் மாதத்தில் இன்னொரு தலைவலி: வெயில். பனி இளகினால் முதலில் இறங்குகிறவருக்கு நல்ல தடம், முப்பதாவது ஆளுக்குப் பள்ளம். அதற்கு உப்புத் தூவுவார்கள். உப்பு மேற்பரப்பில் கொஞ்சத்தை உருக்கும். உருகுவதற்கான சூட்டைச் சுற்றியிருக்கும் பனியிலிருந்து இழுக்கும். அந்தப் பனி இறுகும். வீட்டில் குல்ஃபி செய்யும்போது ஐஸில் உப்புப் போடுவதும் இதே தத்துவம்தான்.

ஆள் பட்டியலை எப்படிப் படிப்பது?

இப்போது அணிப் பட்டியல். பெயர், படிக்கும் ஆண்டு, ஊர், பள்ளி என்று நீளமாக இருக்கும். எல்லாப் பெயரையும் படிக்க வேண்டாம். நான் செய்வது இது: ஒரு தாளில் நான்கு கட்டம் போடுவேன். ஆல்பைன் ஆண்கள், ஆல்பைன் பெண்கள், நோர்டிக் ஆண்கள், நோர்டிக் பெண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நம்பிக்கையான மூன்று பேர் தேறுகிறார்களா? இரண்டுதான் தேறினால், அந்தக் கட்டம் ஓட்டை.

ஆல்பைன் ஆட்களை எடைபோட ஒரு சுலபமான எண் உண்டு: சர்வதேச சம்மேளனம் தரும் எஃப்ஐஎஸ் புள்ளி. இது தலைகீழ்க் கணக்கு. குறைந்தால் நல்லது, பூஜ்யத்தை நெருங்கினால் உலகத்தரம்.

அப்புறம் வயசு. முதலாண்டு மாணவர் என்றால் பதினெட்டு வயசு என்று நினைக்காதீங்க. பள்ளி முடித்து ஓரிரு வருஷம் முழுநேரம் பந்தயம் ஓடிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவர்கள் இதில் நிறைய. மேற்கத்திய அணிகளில் நார்வே, ஸ்வீடன், ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் கணிசமாக இருப்பார்கள். அங்கெல்லாம் தேசிய அணியில் இடம் கிடைக்காவிட்டால் படிப்பா பந்தயமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் வந்துவிடும். அமெரிக்கக் கல்லூரி இரண்டையும் சேர்த்துத் தருகிறது.

டார்ட்மவுத்துக்கு இதில் ஒரு குறையும் உண்டு, ஒரு பலமும் உண்டு. குறை: இது ஐவி லீக் கல்லூரி, விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. யூட்டா, டென்வர், கொலராடோ எல்லாம் தரலாம். இவர்கள் தர முடியாது. பலம்: இவர்களுடைய பாடத்திட்டம். வருஷத்தை நான்கு பருவமாகப் பிரித்து, எந்தப் பருவத்தில் படிப்பது, எதில் வெளியே இருப்பது என்பதை ஓரளவு மாணவரே அமைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் பந்தயம், வசந்தத்தில் படிப்பு. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வெண்கலமும் 2014 சோச்சியில் வெள்ளியும் வாங்கிய ஆண்ட்ரூ வைப்ரெக்ட் இங்கே படித்தவர்தான். சுவிட்சர்லாந்து அணிக்காக உலகக் கோப்பையில் ஓடும் டாங்கி நெஃப், இந்தக் கல்லூரி அணியில் ஓடியவர்.

"கல்லூரிக்குப் போனா பெரிய பந்தய வாழ்க்கை முடிஞ்சது" என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். அதற்கு நல்ல பதில் டார்ட்மவுத்தின் பரம எதிரியான வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பாலா மோல்ட்ஸன். அமெரிக்க தேசிய அணியிலிருந்து கழற்றிவிடப்பட்ட பிறகு வெர்மான்ட்டில் சேர்ந்தார். 2017-இல் கல்லூரி ஸ்லாலம் சாம்பியன். அங்கிருந்து திரும்பி உலகக் கோப்பைக்குப் போய், 2022 ஒலிம்பிக்கில் ஓடினார். 2023 உலக சாம்பியன்ஷிப்பில் அணிப் பிரிவில் தங்கம். கல்லூரி அணி என்பது முடிவு இல்லை, இரண்டாவது வாசல்.

சீசன் எப்படிப் போகும்?

ஜனவரி, பிப்ரவரியில் கிழக்கத்திய கல்லூரிகளுக்கு ஆறு வார இறுதிகளில் போட்டி. ஒவ்வொன்றுக்கும் "கார்னிவல்" என்று பெயர், ஏனென்றால் ஆரம்பத்தில் இது நிஜமாகவே திருவிழா. டார்ட்மவுத்தின் வின்டர் கார்னிவல் 1911-இல் தொடங்கியது. கார்னிவலில் ஒரு கல்லூரியிலிருந்து மூன்று பேருக்கு மேல் ஓடலாம், ஆனால் அணிக்குச் சேருவது முதல் மூன்று பேரின் புள்ளிதான். இந்த வாரங்களின் முடிவுகளை வைத்துத்தான் யார் மார்ச்சுக்குத் தகுதி என்று தீர்மானிப்பார்கள். ஒருவர் காயப்பட்டு மூன்று வாரம் உட்கார்ந்தால், அவருடைய இடம் மட்டுமில்லை, அணியின் பன்னிரண்டே பதினொன்றாகிவிடும்.

மார்ச்சில் நான்கு நாள். ஒரு நாள் ஆல்பைன், ஒரு நாள் நோர்டிக் என்று மாறி மாறி.

யாருக்கு வாய்ப்பு? வரலாற்றைப் பார்த்தால் மேற்குதான். டென்வரிடம் மட்டும் 24 பட்டங்கள். 2019, 2021, 2022, 2023 யூட்டா. 2020-இல் கோவிட் காரணமாகப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2024-இல் கொலராடோ. கிழக்கே கடைசியாகக் கோப்பை வந்தது 2012-இல் வெர்மான்ட்டுக்கு. டார்ட்மவுத் மொத்தமே மூன்று முறை: 1958, 1976, 2007. அதிலும் 1976-இல் கொலராடோவோடு பகிர்ந்துகொண்டது.

அப்படியென்றால் வீட்டு மலை உதவுமா? உதவும், ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. கம்பங்களின் வரிசையைப் பந்தய நாளில் புதிதாகத்தான் நடுவார்கள், அதை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. ஆனால் எந்த இடத்தில் தரை சட்டென்று சரியும், எந்த மேட்டில் வேகம் செத்துவிடும் என்பது காலுக்குத் தெரியும். இன்னொன்று, கிழக்கத்திய பனி இறுகியது, வழுக்கும். அதிலேயே வளர்ந்தவர்களுக்குப் பயம் குறைவு. நோர்டிக்கிலோ உயரம் முக்கியம். 2024-இல் ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஓடும்போது கிழக்கத்தியவர்களுக்கு மூச்சு வாங்கும். ஹானோவரில் அந்தச் சுமை இல்லை.

என் கணிப்பைக் கேட்டால்: யூட்டா, கொலராடோ இரண்டும்தான் முன்னணி. டார்ட்மவுத் பன்னிரண்டு பேரையும் தகுதி பெறவைத்து, ஸ்லாலம் நாளில் யாரும் விழாமல் இருந்தால், முதல் மூன்றுக்குள் வரலாம். கோப்பை என்றால் அதிர்ஷ்டமும் வேண்டும்.

ஏன் இது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை?

கடைசியாக ஒன்று. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் 2004-இல் இதே கோப்பையை வென்ற அணி. 2018-இல் பணம் இல்லை என்று ஸ்கீ அணியையே மூட முடிவெடுத்தார்கள். சாம்பியன் பட்டம் காப்பாற்றவில்லை. 2020-இல் அலாஸ்கா ஆங்கரேஜ் பல்கலைக்கழகத்திலும் அதே முடிவு. ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து நிதி திரட்டியதால்தான் அந்த அணி இன்று இருக்கிறது.

போன மாதம், அக்டோபர் 2024-இல், கல்லூரிகள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழி செய்யும் ஒரு வழக்குத் தீர்வுக்கு நீதிமன்றம் முதற்கட்ட ஒப்புதல் தந்திருக்கிறது. ஃபுட்பால், பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களுக்கு நியாயமான விஷயம். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று வருமானமே இல்லாத சின்ன விளையாட்டுகளின் பயிற்சியாளர்கள் கவலைப்படாமல் இருக்க முடியாது.

இங்கேதான் நேயரின் கேள்விக்குப் பதில் முழுசாகிறது. காலேஜுக்கு எதுக்கு மலை? மலை இருந்தால் பயிற்சி நேரம் கிடைக்கும், அது ஒரு பதில். இன்னொரு பதில், மலை இருந்தால் அணிக்கு ஊர் கிடைக்கும். டிக்கெட் வாங்கிச் சறுக்கும் பக்கத்து ஊர்க்காரர், அங்கே முதல்முறை ஸ்கீ கட்டிப் பழகிய பிள்ளை, இவர்களுக்கெல்லாம் அந்த மலையோடு ஒரு உறவு இருக்கிறது. வெர்மான்ட்டில் மிடில்பரி கல்லூரிக்கும் இதேபோல் சொந்தச் சரிவு உண்டு. பிப்ரவரியில் பட்டம் பெறும் மாணவர்கள் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு அதில் சறுக்கியே இறங்குவார்கள். பட்ஜெட் தாளில் ஒரு அணியின் பெயரை அடிப்பது சுலபம். ஊரே ஏறி இறங்கும் ஒரு மலையை அடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் அந்த மலையில் பனி நிற்கணும். அதனால் இந்தச் சீசனில் நான் முதலில் பார்க்கப்போவது புள்ளிப் பட்டியலை இல்லை, ஜனவரி மாதத்து ராத்திரிகளின் ஈரப்பதத்தை. அதற்கப்புறம், ஒவ்வொரு கார்னிவலிலும் மூன்றாவதாக வரும் டார்ட்மவுத் ஆள் எந்த இடத்தில் முடிக்கிறார் என்பதை. இந்த இரண்டும் சரியாக இருந்தால், மார்ச்சில் நாம் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

கேள்வி இருந்தால் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.